நான்கு வகை வெட்டு

லண்டன் கனவான்களுக்கு ஒருவனை வெட்டக் கத்தி வேண்டாம், கண்ணே போதும். தெரிந்த ஆளைத் தெரியாத ஆளாக்கிவிட்டு நடப்பதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ‘வெட்டு’. முகத்தைப் பார்த்துக்கொண்டே யாரோபோல் கடந்தால் நேர்வெட்டு. சாலையின் எதிர்ப்பக்கம் தாவினால் ஓரவெட்டு. ஆள் போகும்வரை மேகத்தை ரசித்தால் வான்வெட்டு. குனிந்து பூட்ஸை நோண்டினால் பாதாளவெட்டு. வேறு வேலை இல்லாதவர்களுக்கு இதெல்லாம் ஒரு வித்தை.

பெரக்ரின் த்வெயிட் நான்கிலும் கைதேர்ந்தவன். லார்ட் சில்வர்ட்டனின் கிளப்பில் சேர மூன்று வருடமாக நாயாய் அலைந்தவன். நாளை வாக்கெடுப்பு. பெட்டியில் ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்தாலும் கதை முடிந்தது. அதனால்தான் அன்று மாலை ஐந்து மணிக்கு ஹைட் பார்க்கில் லார்டை ஒட்டிக்கொண்டு உலாத்தினான்.

எதிரே ஜோசையா ஹாக்கின் வந்தார். லீட்ஸில் கம்பளி ஆலை வைத்திருப்பவர். அம்மா செத்த பிறகு பெரக்ரினைத் தூக்கி வளர்த்த தாய்மாமன்.

“அந்தக் காளான் உன்னைப் பாத்துக் கையாட்டுதே” என்றார் லார்ட். நேற்று முளைத்த பணக்காரர்களுக்கு அந்த வட்டத்தில் அதுதான் பெயர். “உனக்குத் தெரிஞ்சதா?”

“வேற யாரோன்னு நெனச்சுட்டான் போல” என்ற பெரக்ரின் சட்டென்று வான்வெட்டில் இறங்கினான்.

மாமா பக்கத்தில் வந்து நின்று தாமும் அண்ணாந்து பார்த்தார். “என்ன மாப்ளே, மழை வருமா? மூட்டமே இல்லையே.”

லார்டின் உதடு கோணியது. பெரக்ரின் அவசரமாகக் குனிந்து பூட்ஸின் குஞ்சக் கயிற்றைத் திருகினான். மாமா விடுவாரா? மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“விடு, நான் கட்டறேன். சின்ன வயசுலேருந்தே உனக்கு முடிச்சுப் போட வராது.”

இரண்டு தலைகளும் நெருங்கியதும் அவர் குரல் தாழ்ந்தது.

“நீ குனிஞ்சதுமே புரிஞ்சுபோச்சுடா. இந்தக் கூத்தெல்லாம் லீட்ஸ்லயும் காதுல விழுது. அவர் கேட்டா, பூட்ஸ் தைக்கிறவன்னு சொல்லிடு. நான் எழுந்து போயிடறேன். கிளப்பைப் பத்தி நீ எழுதின கடுதாசி எல்லாம் படிச்சிருக்கேன். உன் காரியம் கெடக் கூடாது.”

பெரக்ரின் வெட்கத்தில் செத்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“யாருப்பா இந்த ஆளு?” என்றார் லார்ட்.

பெரக்ரின் நிமிர்ந்தான். “என் தாய்மாமன். என்னை வளத்தவர்.”

லார்ட் அவன் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, அங்கே ஆளே இல்லாததுபோல் கடந்து போனார். பார்க்கில் பாதிப் பேர் அதைக் கவனித்தார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். மூன்று வருடம் அப்படியே மண்ணாகப் போனது.

“கெடுத்துக்கிட்டியே மாப்ளே” என்றார் மாமா, இன்னும் தரையில் இருந்தபடியே.

“எழுந்திருங்க மாமா.”

கைகொடுத்துத் தூக்கினான். அவருடைய இரண்டு முழங்காலிலும் மண் அப்பியிருந்தது. காலையில் ஒன்றரை மணி நேரம் கண்ணாடி முன் நின்று கட்டிய வெள்ளைக் கழுத்துத்துணியை உருவி எடுத்து, அத்தனை பேர் பார்க்க மண்டியிட்டு, பெரக்ரின் அந்த மண்ணைத் துடைத்தான்.