சுற்றும் கட்டடம்

அலுவலகத்தில் அவளுக்குச் சித்திரம் என்று பெயர் விழுந்துவிட்டது. வியாபாரக் கம்பெனிகளின் மென்பொருளுக்குத் திரைகளை வரைந்து, நிறம் கொடுத்து, அசைய வைப்பது அவள் வேலை. ஏழு வருடத்தில் மருந்துக் கிடங்கு, சாயப் பட்டறை, லாரி கம்பெனி என்று எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். ஆனால் லிஃப்ட் கம்பெனி முதலாளியைப் போல உயிரை வாங்கிய ஆளை அவள் பார்த்ததில்லை.

அந்தக் கம்பெனி ஊரில் முந்நூறு கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிறது. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் புகார் மேசைக்கு ஃபோன் வரும். மேசையில் இருப்பவர், பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பார்த்து அனுப்ப வேண்டும். அதற்குத்தான் மென்பொருள்.

"அவ்வளவுதானேன்னு நினைச்சுடாதம்மா," என்றார் முதலாளி முதல் நாளே. "பார்க்கறவன் வாயப் பொளக்கணும். கட்டடம் அப்படியே எழும்பி நிக்கணும். சுத்தணும்."

எழுப்பினாள். சுற்ற வைத்தாள். மறுவாரம், ஜன்னல் கண்ணாடிகளில் மேகம் தெரிய வேண்டும் என்றார். தெரிந்தது. மேகம் நகரவில்லையே என்றார். நகர்ந்தது. அப்புறம் லிஃப்ட் கதவு மெதுவாகத் திறந்து, அதற்குள்ளிருந்து புகார்ப் படிவம் வெளியே வர வேண்டும் என்றார்.

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா சார்?"

"ஒரு கம்பீரம் இருக்கணும்மா."

கம்பீரத்துக்கு எத்தனை விநாடி என்று அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்? சர்வர் பக்கத்து வேலையெல்லாம் பார்ப்பவருக்கு அலுவலகத்தில் பின்கட்டு என்று பெயர். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா தாயே, நான் தகவலை அரை செகண்ட்ல குடுக்கறேன். நீ அதுக்கு மாலை போட்டு, மேளம் அடிச்சு, ஊர்வலமா கூட்டிட்டு வர்ற."

"நானா கேட்டேன்? அவர்தானே கேக்கறார்!" என்று எரிந்து விழுந்தாள்.

அது முழு உண்மையில்லை என்று அவளுக்கே தெரியும். கண்ணாடியில் மேகம் நழுவிப் போவதைப் பார்க்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. புகார் மேசை அக்கா முதல் வாரமே, "எனக்கு மெக்கானிக் நம்பர் பெருசா தெரிஞ்சா போதும்மா, கண்ணு கொஞ்சம் மந்தம்," என்று சொல்லியிருந்தார். அதை 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் எழுதி வைத்தாள். அந்தப் பட்டியலை யார் பிறகு பார்த்தார்கள்?

மென்பொருள் மேசைக்குப் போனதும், இனி எல்லாம் திரையில்தான் என்று சொல்லி, மேசையில் இருந்த, மெக்கானிக் நம்பர்கள் எழுதிய நோட்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பூட்டினார் முதலாளி. இரண்டு வாரம் கழித்துச் சித்திரத்தையும் அவள் லேப்டாப்பையும் அழைத்துக்கொண்டு ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்புக்குப் போனார். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேறு கம்பெனிக்குக் கொடுப்பதா என்று அங்கே நிர்வாகக் குழு யோசித்துக்கொண்டிருந்தது.

திரையில் கட்டடம் எழும்பிச் சுற்றியது. "அட, நம்ம கட்டடம்! நம்ம பால்கனி!" என்று குழுத் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

இறங்கும்போது ஏழாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மின்விசிறியும் நின்றது. முதலாளி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். வேர்வை ஆறாக ஓடியது.

"எனக்கு மூடின இடம் ஆகாதும்மா."

"சார், நீங்க லிஃப்ட் கம்பெனி வெச்சிருக்கீங்க!"

"அது தொழில்மா. நீ ஃபோனைப் போடு."

ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, நான்தான், ஸ்க்ரீன் பண்ணிக் குடுத்தேனே. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

"ஐயோ, நீயா? பயப்படாதம்மா. எந்தக் கட்டடம்?"

சொன்னாள். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா?"

"இரும்மா. கட்டடம் சுத்துது."

முதலாளி கண்ணைத் திறந்தார். ஒரு நிமிடம் போயிற்று.

"இன்னுமா அக்கா?"

"இப்பத்தான் மேகம் வருது."

"எதையாவது க்ளிக் பண்ணிப் பாருங்களேன்."

"க்ளிக் பண்ணா மறுபடி முதல்லேருந்து சுத்தும்மா. அதனால நான் தொடறதே இல்ல. கையக் கட்டிட்டு உக்காந்திருப்பேன்."

சித்திரத்துக்கு முகம் சுட்டது. அவள் கணினியில் எல்லாம் சேர்த்து நான்கு விநாடி. மேசைக் கணினி எட்டு வருடப் பழசு. அதில் ஒரு தடவைகூட அவள் ஓட்டிப் பார்த்ததில்லை. இந்த இரண்டு வாரமாக இருட்டில், மூச்சு முட்ட, எத்தனை பேர் அவளுடைய மேகத்துக்காகக் காத்திருந்தார்களோ!

"கதவு திறக்குது... திறக்குது... அடக் கடவுளே, பாதியில நின்னுடுச்சு." அக்காவின் குரல் தணிந்தது. "உன்கூட சார் யாரும் இல்லையே?"

"சார்தான் அக்கா இருக்கார்."

இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. "சார், திட்டாதீங்க. ஒரு நோட்டு மட்டும் ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"நோட்டைப் பாரும்மா!" என்று அலறினார் முதலாளி. "முதல்ல அந்த நோட்டைப் பாரு!"

மெக்கானிக் அடுத்த தெருவில்தான் இருந்தார். பத்தே நிமிடத்தில் வந்து கதவை நெம்பித் திறந்து, இருவரையும் கைபிடித்து மேலே தூக்கிவிட்டார். முதலாளி படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். இனியாவது மனிதருக்குப் புத்தி வரும் என்று சித்திரம் நினைத்தாள்.

மறுநாள் காலையில் வந்தார். "கட்டடத்தை எடுத்துடாதம்மா. வேகமா சுத்த வை."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்து நீங்கதானே சார் அலறினீங்க?"

"அதைக் காட்டித்தானேம்மா கையெழுத்து வாங்கினோம்? அது இல்லேன்னா எவன் நம்மளைத் திரும்பிப் பார்ப்பான்?"

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஷோரூம்ல நின்னுகிட்டு ஸ்பேனர் பிடிக்கச் சொன்னா எப்படி சார்? வாங்கறவங்களுக்கு ஒரு ஸ்க்ரீன், வேலை பார்க்கறவங்களுக்கு ஒரு ஸ்க்ரீன். அக்கா முதல் வாரமே சொன்னாங்க, நான்தான் காதுல போட்டுக்கல. அந்தத் தப்பு என்னோடது. இனிமே சுத்தற எதையும் அந்த மேசையில வைக்க மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாருங்க."

முதலாளி தாடையைத் தடவினார். "அப்ப மேகம்?"

"உங்க ரூம் டிவியில போடறேன். எவ்வளவு வேணும்னாலும் நகரட்டும்."

மூன்று நாள் அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அக்காவின் இடது கை ஃபோனைக் காதோடு பிடித்திருக்கும்; தட்ட ஒரு கைதான் மிச்சம் என்பதையே அப்போதுதான் கவனித்தாள். நாலு எழுத்து தட்டினால் கட்டடத்தின் பெயர், கீழே பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்குகள் வரிசையாக, எதிரே கட்டைவிரல் பருமனில் நம்பர். வெள்ளைத் தாள் மாதிரி ஒரு திரை செய்தாள். அந்தப் பழைய கணினியில் ஒரு விநாடியில் வந்து நின்றது. "இதுக்கா உனக்குச் சித்திரம்னு பேரு?" என்று அவள் மேலாளர் முகம் சுளித்தார். பின்கட்டு மட்டும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார்.

புதுத் திரை வந்த அன்று மதியத்துக்குள் ஏழு அழைப்புகள். ஒருவரையும் காக்க வைக்காமல் அக்கா அனுப்பி முடித்தார். சித்திரம் ஆவலாகக் கேட்டாள்: "எப்படிக்கா இருக்கு?"

"வேலைக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்று அக்கா தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார். "ஆனா ஒரே மொட்டையா இருக்கே. நாள் பூரா இதைத்தானே பார்த்துட்டு உக்காந்திருக்கேன். ஓரமா ஒரு பூவாவது போடக்கூடாதா?"

சித்திரம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

மாலைக்குள் பூவைப் போட்டாள். வலது மூலையில், நகத்தளவு, அசையாத பூ. முதலில் அந்த எட்டு வருடக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.