தனிச் சட்டி

“அண்ணனக் கூப்பிடும்மா. எல்லார்கூடவும் உக்காந்து சாப்பிடட்டும்,” என்றாள் வெண்டி.

அம்மா எல்ஸியின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. ராட்னியின் பேச்சை மட்டும் எடுக்கவே கூடாது என்று வெண்டியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கமுந்திங் தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட் பார்த்து அவளைப் படிக்க வைத்த அண்ணன் அவன். போன வருஷம் அங்கிருந்த சூராவில், அந்தச் சின்னத் தொழுகைக்கூடத்தில், கலிமா சொல்லி முஸ்லிம் ஆகிவிட்டான். சொந்தக்காரர்களிடம் அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

“உன் பட்டத்துக்குத்தான விருந்து? இன்னைக்குப் போயி ஏண்டி மானத்த வாங்குற?”

“அவன் இல்லன்னா பட்டம் ஏதும்மா?”

எல்ஸி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “பின்பக்கமா வரச் சொல்லு. அப்பாவுக்குத் தெரிய வேணாம்.”

பன்றிக்கறி இல்லாமல் அந்த வீட்டில் விருந்து கிடையாது. பெரிய சட்டியில் அது ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. எல்ஸி மலாய்க்காரர் கடைக்குப் போய் ஹலால் கோழி வாங்கினாள். வரும் வழியில் புதுச் சட்டியும் வாங்கி, தனி அடுப்பில் வைத்தாள்.

ராட்னி காலணியைப் பின்வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தான்.

“இனிமே ரிதுவான் அண்ணேன்னு கூப்பிடணுமா?” என்றாள் வெண்டி.

“நீ கழுதன்னுதான கூப்பிடுவ. அப்படியே கூப்பிடுலா.”

எல்ஸி சிரிக்கவில்லை. “யாருய்யா அந்தப் பொண்ணு?”

“பொண்ணெல்லாம் இல்லம்மா. நானாத்தான் கலிமா சொன்னேன். சொன்னப்ப மனசு அமைதியா இருந்துச்சு.”

“எங்களுக்கு இல்லையேய்யா.”

அவள் தட்டில் சோறு போட்டாள். பேசிக்கொண்டே உப்புப் பார்க்கக் கோழிக்குழம்பைக் கிளறினாள். அவள் கையில் இருந்தது பன்றிக்கறி கொதித்த பெரிய சட்டியின் கரண்டி. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். எல்ஸி கரண்டியை வெளியே எடுத்தாள்.

“ஐயோ, கை தவறிப் போட்டுட்டேன்யா...”

“பரவால்லம்மா. ஊறுகா இருக்குல்ல, போதும்.”

அவன் தலை குனிந்து வெறும் சோற்றைப் பிசைந்தான்.

கூடத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அத்தை நவமணியின் குரல் பெரிதாகக் கேட்டது. “தம்பி, ராட்னி எங்கய்யா? தங்கச்சி விருந்துக்குக்கூட வரலையா?”

“சிங்கப்பூர்ல லீவு குடுக்கலக்கா,” என்றார் அப்பா ஆம்புரோஸ். “அடுத்த மாசம் வருவான்.”

ராட்னியின் விரல்கள் தட்டிலேயே நின்றன.

கிளாஸ் எடுக்க உள்ளே வந்த ஆம்புரோஸ் மகனைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. கதவைத் தன் பின்னால் மெதுவாகச் சாத்தினார்.

“ஃபாதர் வந்துட்டாரு. அப்படியே பின்னால போயிடு.”

“சரிப்பா.” ராட்னி எழுந்து தட்டைத் தானே கழுவி வைத்தான். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போனான். எல்ஸி சுவரைப் பார்த்து நின்றாள்.

“வாம்மா,” என்றார் ஆம்புரோஸ் வெண்டியிடம். “நீ நடுவுல நின்னாத்தான் ஜெபம் ஆரம்பிப்பாங்க.”

வெண்டி விருந்துக்காகப் போட்டிருந்த பட்டமளிப்பு அங்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கூடத்தின் நடுவே நடந்தாள், நிற்கவில்லை.

“எங்கடி போற?” என்றாள் நவமணி.

“அண்ணன்கூடப் போறேன் அத்தை. இவ்வளவு நேரம் அடுப்படியிலதான் இருந்தான். கலிமா சொல்லிட்டான்னு வெளிய அனுப்பிட்டாங்க.”

வாசலில் குவிந்திருந்த செருப்புகளைத் தாண்டி அவள் ரோட்டுக்கு வந்தாள். பின்னாலிருந்து அப்பா கூப்பிட்டார்.

சந்து முனையில் ராட்னி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று இன்னும் அவன் எஞ்சினைக் கிளப்பவில்லை.