மூன்று வார், ஒரு கை

டோர்கில் பொய் சொல்கிறான்.

எஃபிக்கு அது புதன்கிழமை சாயந்திரமே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் பெண் ஃபோன் செய்து குசலம் விசாரித்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு இங்க பயிற்சி முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே, வீட்ல ஒழுங்கா செய்றாரா?"

எஃபி ஃபோனை வைத்தாள். சமையல் மேஜையில் டோர்கில் இடது கையால் சூப் குடித்துக்கொண்டிருந்தான். வலது கை மடியில் தூங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் மற்றதையெல்லாம், காலைக்கூட ஓரளவு, திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் கையை மட்டும் வைத்துக்கொண்டது.

"யாரு?" என்றான்.

"ராங் நம்பர்" என்றாள். பொய்க்குப் பொய்.

ஒரு மாதமாக வியாழன் தவறாமல் பஸ் ஏறுகிறானே, எங்கே?

மறுநாள் காலை வழக்கம்போல அவன் சட்டைப் பட்டன்களைப் போட்டுவிட்டாள். பெல்ட்டை மாட்டினாள். ஷூ நாடாவைக் கட்டினாள். அவனிடமிருந்து செண்ட் வாசனை வந்தது. கையை மடக்கி நீட்டுகிற பயிற்சிக்கு எதற்கய்யா செண்ட்?

அவர்கள் ஊரான அல்னெஸ்ஸில் பஸ் கிளம்பியதும் அவள் தன் பழைய ஃபோர்டை அதன் பின்னால் விட்டாள். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. அவளும் நின்றாள். பின்னால் ஒரு பால் வண்டிக்காரன் ஹாரனை அழுத்தி, கண்ணாடியை இறக்கி, "வண்டி ஓட்டத் தெரியுமா தாயே, இல்ல பஸ்ஸுக்குக் காவலா?" என்றான். எஃபி அவனுக்குச் சொன்ன பதிலை அவள் போகிற சர்ச்சில் யாரும் நம்பமாட்டார்கள்.

பக்கத்து ஊரான டிங்வாலில் டோர்கில் இறங்கினான். ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. பச்சைக் கதவு. தட்டக்கூட இல்லை, சொந்த வீடு மாதிரி உள்ளே போனான்.

ஜன்னலின் கீழ்ப்பாதியில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. எஃபி தூறலில் நனைந்தபடி குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

முதலில் தெரிந்தது நாற்காலி. அதன் முதுகில் தொங்கியது, அவள் காலையில் மாட்டிவிட்ட பேண்ட்.

அடுத்துத் தெரிந்தது, அவள் புருஷனின் இடுப்பை இரண்டு கைகளாலும் வளைத்துக்கொண்டிருந்த செம்பட்டைத் தலைக்காரி.

கதவு திறந்த வேகத்தில் சுவரில் மோதியது.

"டோர்கில் மன்ரோ!"

டோர்கில் துள்ளினான். இடுப்பிலிருந்த கில்ட், ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷங்களுக்குக் கட்டுகிற அந்தக் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடை, பொத்தென்று தரையில் விழுந்தது. நீளச் சட்டையும் கோடுபோட்ட ஜட்டியுமாக, முழங்கால் வரை கம்பளிச் சாக்ஸோடு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து, திட்டுவதற்காகத் திறந்த வாயை எஃபியால் மூடவும் முடியவில்லை.

செம்பட்டைக்காரி மட்டும் அசரவில்லை. கழுத்தில் அளவு டேப், வாயில் இரண்டு குண்டூசி. ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "பயப்படாதீங்க. என் கடைல அளவெடுக்கணும்னா ஜட்டி கட்டாயம். நான் ஐசோபெல். நீங்கதான் எஃபின்னு நினைக்கிறேன். உங்களப் பத்திதான் பேச்செல்லாம்."

"என்ன பேச்சு?"

"போன வாரம், உங்களுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவீங்கன்னு."

எஃபி புருஷன் பக்கம் திரும்பினாள். "நம்ம ஷோனா கல்யாணத்துக்கு சூட்டே போதும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப இது என்ன?"

"என் பொண்ணை சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போறப்ப பேங்க் மேனேஜர் மாதிரி போகச் சொல்றியா? பழைய கில்ட்டை அந்துப்பூச்சி தின்னுடுச்சு. அதான் புதுசு தைக்கக் கொடுக்கலாம்னு..."

"அதுக்கு ஒரு மாசமாவா அளவெடுக்கறாங்க?"

டோர்கிலின் காது சிவந்தது. ஐசோபெல்தான் போட்டு உடைத்தாள். "முதல் வாரமே அளவெடுத்தாச்சு. பேண்ட் அளவைச் சொல்லி என்னை ஏமாத்தப் பார்த்தார், எல்லா ஆம்பளைங்களும் சொல்ற அதே பொய். பேண்ட் தொப்பைக்குக் கீழ நிக்கும், கில்ட் தொப்புள் மேல உட்காரும். டேப் என்னைக்கும் பொய் சொல்லாது. இப்ப இவர் வர்றது பழக. என்கிட்ட இருக்கற மாதிரிக் கில்ட்டைத் தானே கட்டிப் பழகறார், சாஞ்சா நான் பிடிச்சுக்கறேன்."

"இங்க வந்தா?"

"வீட்ல இது கீழ விழுந்தா நீ ஓடி வந்து எடுத்துக் கட்டிடுவே" என்றான் டோர்கில்.

எஃபியின் முகம் சுருங்கியது. "என் கை பட்டா அவ்வளவு கஷ்டமா இருக்கா உனக்கு?"

"அப்படி இல்லடி."

"வேற எப்படி?"

டோர்கில் தரையில் கிடந்த கில்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ரெண்டு வருஷமா தினமும் காலைல என் எதிர்ல நிக்கறே. மேல் பட்டன்லேர்ந்து கீழ் பட்டன் வரைக்கும் பார்க்கறே. ஒரு நாளாவது மூஞ்சியப் பார்த்திருக்கியா? நான் உனக்கு ஒரு வேலை, எஃபி. கல்யாணத்தன்னைக்கு ஒரு நாளாவது வேலையா இருக்கக் கூடாதுன்னு பார்த்தேன்."

ஐசோபெல் சட்டென்று பின்கட்டில் கெட்டில் வைக்கப் போய்விட்டாள். கெட்டில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

எஃபி அந்த நாற்காலியில் இருந்த பேண்ட்டை மடித்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சரி கிழவா. கட்டு பார்க்கலாம்."

டோர்கில் குனிந்து கில்ட்டை எடுத்தான். மடிப்புகள் முதுகுப் பக்கம் வரும்படி இடுப்புக்குப் பின்னால் விட்டு, சுவரில் சாய்ந்தான். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் துணி மாட்டிக்கொண்டது. இடது கை விடுதலை! உள்பக்கத் துணியை இழுத்து வயிற்றைச் சுற்றினான். அதன் முனையிலுள்ள தோல் வாரை இடது இடுப்புப் பக்கம் துணியிலுள்ள ஓட்டைக்குள் நுழைக்க வேண்டும். தவறியது. மறுபடி தவறியது.

எஃபியின் கைகள் தாமாகவே எழுந்தன. அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த ஒண்ணுக்கு மட்டும் வெல்க்ரோ வெச்சுடலாம்னு தலைதலையா அடிச்சுக்கறேன்" என்று உள்ளேயிருந்து ஐசோபெல்லின் குரல். "அழுத்தினா ஒட்டிக்கும். வெளிய தெரியாது."

"வெல்க்ரோ குழந்தைங்க ஷூவுக்கு!" என்றான் டோர்கில் பல்லைக் கடித்துக்கொண்டு. "பாதிரியார் ஜெபம் பண்றப்ப நான் தும்மினா, பர்ர்ர்ருன்னு சர்ச்சே திரும்பிப் பார்க்கும்."

"நீ தும்மினா கூரையே போகும், துணி எந்த மூலைக்கு" என்றாள் எஃபி.

வார் நுழைந்தது. பக்கிளின் நாக்கைக் கட்டை விரலால் தள்ளி மாட்டினான். ஒன்று! மேல்துணியைக் குறுக்கே இழுத்து வலது இடுப்புக்குக் கொண்டுபோய், மேல் வாரையும் மாட்டினான். இரண்டு! நெற்றியில் வியர்வை. எஃபி கைதட்டவில்லை. கை அடியில் இருந்தது.

மூன்றாவதுதான் வில்லன். வலது பக்கம், மேல் வாருக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல். அங்கே எட்ட வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் அவன் வலது காலை நம்ப முடியாது. கை பாதி வழியில் நின்றுவிட்டது. சுவரில் சறுக்கப் பார்த்து, சமாளித்து நிமிர்ந்தான்.

ஐசோபெல் டீயோடு வந்தாள். "அதை விட்டுடுங்க. ரெண்டு வாரோட எத்தனையோ பேர் போடறாங்க. மேல ரெண்டும் நிக்குது, அது போதும். துணி வெட்டறதுக்கு முன்னாடி முடிவு சொல்லிடுங்க. ரெண்டா, மூணா?"

டோர்கில் மூச்சு வாங்கினான். எஃபியைப் பார்த்தான். "எங்கப்பா மூணு போட்டிருந்தார். ரெண்டே போதும்னா ரெண்டு."

அந்த "போதும்" எப்படிப்பட்ட போதும் என்று எஃபிக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருட சம்சாரம்.

எழுந்து போனாள். அவன் எதிரில் நின்றாள். கீழே பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்தில் நரை ஏறியிருந்தது. எப்போது ஏறியது? வாய் ஓரத்தில் சவரக் கத்தி விட்டுவைத்த நாலு முடி. அவற்றுக்கு நடுவே, இளவயதில் நடனக் கூடத்தில் அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் சிரித்த அதே தடியன்.

"என்னடி பார்க்கறே?"

"சும்மா இரு."

அவள் விரல்கள் தாமாகத் தேடின. வாரைப் பிடித்தன, பக்கிளைப் பிடித்தன, இழுத்தன.

"ஐயோ! கொல்றாளே! ஒரு ஓட்டை தள்ளி மாட்டு, அம்மா!"

"பார்க்காம மாட்டினா இப்படித்தான். சத்தம் போடாதே."

"மூஞ்சியப் பார்க்கச் சொன்னா மூச்சையே நிறுத்திடுவா போல..."

சொல்லிக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் வயிற்றை உப்ப வைக்க, பக்கிள் இன்னும் இறுகியது. அதற்கும் "ஐயோ" என்றான். எஃபி வாரைத் தளர்த்தாமல், அவன் மார்பில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று ஐசோபெல்லுக்குத் தெரியவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டா, மூணா?" என்றாள் மறுபடி. "எனக்கு வேற கஸ்டமரும் உண்டு."

எஃபி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"மூணு. ஓட்டையை மட்டும் ஒரு விரல் தள்ளிப் போடுங்க, இவர் வயித்துக்கு இடம் வேணும். கல்யாண கேக்கை நான்தான் சுடறேன்."