வெட்டிய நான்கு வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தபாலில் வந்தது. நான் கெடுத்தேன். கெட்ட பிறகு என்னைத் தேடித் திரும்பி வந்தது.

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுவது என் வேலை. வாசகர்களுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் உண்டு. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் குடும்பச் சிக்கல்களுக்குப் பதில் சொல்லும் 'டாக்டர் அக்கா' நான்தான். நான் டாக்டரும் இல்லை, அக்காவும் இல்லை. [அந்தப் பக்கத்தில் கண்ணாடி போட்டுச் சிரிப்பவர் எங்கள் அச்சகக்காரரின் பெரியம்மா. பதினோரு வருடமாகத் தான் ஊருக்கே புத்தி சொல்லிக்கொண்டிருப்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.]

ஒரு கடிதத்துக்குப் பதினெட்டு வரி; பதிலுக்குப் பன்னிரண்டு. அந்த வாரம் வந்த கடிதம் இருபத்திரண்டு வரி. பக்கம் கட்டுபவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாலு வரி தொங்குது சார். எதையாவது வெட்டுங்க."

வெட்டினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

2

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள் இன்னொருவனின் கதவைத் தட்டியபோது

வேண்டாம். என் கதைகளில் மழை வந்தாலே யாரோ தப்புச் செய்யப்போகிறார்கள் என்று வாசகர்களுக்குத் தெரியும். இவள் தப்புச் செய்யவில்லை. தவிர, 'தட்டியபோது' என்பது பொய். அவளிடம் சாவி இருந்தது. தொலைத்துவிடுவாளோ என்று அதற்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தவரே அவள் கணவர்தான்.

இரண்டாவது தொடக்கம்:

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏழு வருடத்துக்கு முன் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கல்யாணத்துக்கு வெளியேயும் இருவருக்கும் துணை இருக்கலாம். இரண்டே விதி. ஒருவரிடம் ஒருவர் ஒளிக்கக் கூடாது. ஒருவர் சம்மதம் இல்லாமல் அவரை மற்றவர் குடும்பத்தாரிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது. முதலில் பேச்செடுத்தது கணவர். அவருக்கு ஒரு தோழி இருந்தார். இரண்டு வருடத்தில் அது முடிந்தது. மனைவிக்கு நான்கு வருடமாக ஒருவர். அவரை வீட்டில் 'புதன்கிழமைக்காரர்' என்றே சொல்வார்கள்.

[எக்ஸ்ரே, லிஃப்ட், புதன்கிழமை மூன்றும் நான் மாற்றிப் போட்டவை. இப்போது எழுதச் சம்மதமும் வாங்கியிருக்கிறேன். முதல்முறை, கடிதத்தை அச்சில் போட்டபோது, ஒன்றையும் மாற்றவில்லை, யாரையும் கேட்கவில்லை.]

இது பரவாயில்லை. மழை இல்லை.

3

கடிதத்தில் அவள் எழுதியிருந்தது இது. கொஞ்ச நாளாகப் புதன்கிழமைகளில் அவள் வீடு திரும்பும்போது கணவர் சமையலறையில் நின்று, கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். அவருக்கு மனதில் எங்கேயோ வலிக்கிறது, அது அவளுக்குத் தாங்கவில்லை. நான் வெட்டிய நான்கு வரி இவை:

"என் கணவருக்கு எல்லாம் தெரியும். இருவரும் பேசி எடுத்த முடிவு. ஓர் ஆலோசகரிடம் போனோம். பாதியிலேயே திட்டி வெளியே அனுப்பினார். பிரிய வழி கேட்கவில்லை. திட்டாமல் நாங்கள் சொல்வதைக் கேட்டு, ஒருவரோடொருவர் பேச உதவும் ஆலோசகர் எங்கே கிடைப்பார்?"

கேள்வியே அதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, கணவருக்குத் தெரியாமல் வாராவாரம் எங்கேயோ போய்வரும் ஒரு பெண். டாக்டர் அக்கா பொரிந்து தள்ளினாள்: "சகோதரி, முதலில் அந்த ஆளை விட்டு விலகு. கணவர் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல். பாத்திரம் தேய்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது!"

ஆச்சரியக்குறியும் நான் போட்டதுதான்.

4

எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் புரட்டுவதற்கு எங்கள் பத்திரிகைதான் கிடக்கும். ஒரு நர்ஸ் படித்தார். இன்னொருவருக்குக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பக்கம் மெக்கானிக்கின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. [அந்த அறையில் நான் இல்லை. அவள் எனக்குச் சொன்னது கொஞ்சம்தான். மீதி என் கைச்சரக்கு. ஆனால் கடைசியில் வரும் சொல் கைச்சரக்கு அல்ல.]

பத்திரிகையை விரித்து வைத்தவர் மெக்கானிக்கின் அக்கா. கூடவே அத்தானும் அப்பாவும்.

"எக்ஸ்ரே எடுக்கறவ, புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல எத்தன பேர்டா இருப்பாங்க?"

"மெதுவா பேசும்மா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றார் அப்பா.

"கேக்கட்டும்ப்பா. அவங்க வீட்டுலயும் இந்தப் புத்தகம் வாங்கறாங்க."

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன மாப்ள, ஊரையே மேல ஏத்தி எறக்கற. சொந்த வீட்டுல யாரு ஏறி எறங்கறாங்கன்னு பாக்கலயே."

மெக்கானிக் ஆச்சரியக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டால், பழுது பார்ப்பதற்கு முன்னால் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கதவில் வாயை வைத்து உள்ளே இருப்பவர்களிடம், "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று சொல்வார். பாதிப் பயம் அதிலேயே போய்விடும். முகம் தெரியாத எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தை. இப்போது அதைச் சொன்னால் அத்தானின் சிரிப்பு அவர் பக்கம் திரும்பும். அப்பா இனிமேல் அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட மாட்டார்.

"உன்னத்தான்டா கேக்கறேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

நான் வெட்டிய அதே நான்கு வரியை அவர் ஒரே சொல்லில் வெட்டினார்.

அவள் கண்களில் நீர் மல்க, "என்னங்க, நீங்களா இப்படி

இல்லை. அவள் ஒன்றுமே பேசவில்லை. பையில் நான்கு புடவையை வைத்துக்கொண்டு, கூட வேலை செய்பவள் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டாள். புதன்கிழமைக்காரரின் அலுவலகத்துக்கும் பேச்சு எட்டியது. இரண்டு வாரம் பார்த்தார். அப்புறம் தன் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார்.

5

ஒரு மதியம் தொலைபேசி அடித்தது.

"டாக்டர் அக்கா இருக்காங்களா?"

"நான்தான் பேசறேன்."



"நீங்க ஆம்பளையா?"

"ஆமாம்மா."

"டாக்டராவது?"

"இல்லம்மா."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாக வந்தன. அதனாலேயே அடித்துவிட்டேன்.

"என் நாலு வரி எங்க சார்?"

"பக்கத்துல இடம் பத்தல."

"அந்த லெட்டர எங்க வீட்டுக்காரர்தான் படிச்சுப் பாத்து ஒட்டினாரு. எழுத்துப்பிழைகூடத் திருத்தினாரு. அவர் தெரியாதுன்னுட்டாரு, நீங்க வெட்டிட்டீங்க. அப்ப அந்த நாலு வரிய எழுதினது நான் ஒருத்திதானா?"

நான் ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டேன். "அன்னிக்கு அவங்க முன்னாடி நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா?"

"ரெண்டாவது ரூல் இருக்கே சார். நான் மீறல."

6

அவர்களைக் காப்பாற்றும் ஓர் ஆலோசகரைக் கதையில் உருவாக்கலாம் என்று உட்கார்ந்தேன். நரைத்த முடி, கனிவான கண், மூன்று வாக்கியத்தில் தீர்வு. இரண்டு பக்கம் எழுதிய பிறகுதான் தெரிந்தது, அது கண்ணாடி போட்ட அச்சகக்காரரின் பெரியம்மாவேதான்.

நிஜமான ஒருவரைத் தேடிப் போனேன். பல் மருத்துவமனைக்கு மேலே சின்ன அறை. ஒரே மாதிரி மூன்று நாற்காலி. கீழேயிருந்து பல் ராவுகிற சத்தம். அந்த அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, தன்னிடம் வருகிறவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் ஆள் அடையாளம் இல்லாமல் விஷயத்தைச் சொல்லி, இது சரியா தப்பா என்று கேட்டேன்.

"கூரை ஒழுகுதுன்னு வர்றவங்ககிட்ட, ஏன் வாடகை வீட்ல இருக்கீங்கன்னா கேக்கறது?"

"பின்ன என்ன கேப்பீங்க?"

"ஏழு வருஷம் முன்னாடி பேசினத அதுக்கப்புறம் எப்பவாவது எடுத்துப் பேசினீங்களான்னு கேப்பேன். மனுஷங்க மாறியிருப்பாங்க இல்ல? அப்புறம் தனித்தனியா உக்கார வச்சு, நிஜமா இஷ்டப்பட்டுத்தான் சரின்னீங்களா, இல்ல விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துதானான்னு கேப்பேன். பாத்திரம் கழுவறாரே, அது பொறாமையா, தனிமையா, அந்தத் தோழி போன துக்கமா? அவரே சொல்லணும். பொறாமை வந்துட்டா எல்லாமே பொய்யின்னு அர்த்தமில்ல. அதே மாதிரி, இனிமே வேணாம்னு சொல்லவும் ரெண்டு பேருக்கும் இடம் இருக்கணும்."

"வெளியில தெரிஞ்சுபோச்சுன்னா?"

"அதுதான் ரொம்பக் கஷ்டம். உள்ள ஒண்ணா இருக்கறவங்க வெளியில ஒருத்தர ஒருத்தர் விட்டுடுவாங்க. அந்தக் காயத்த மொதல்ல பாக்கணும்."

"சேத்து வச்சிடுவீங்களா?"

அவர் ஆரஞ்சுச் சுளையைக் கீழே வைத்தார். "நீங்க தொடர்கதை எழுதறவரா? இங்க வந்து, கசப்பில்லாமப் பிரிஞ்சு போனவங்களும் இருக்காங்க."

அந்த விலாசத்தை அவளுக்குக் கொடுத்தேன். அவள் முதன்முதலில் கேட்டதே இது ஒன்றைத்தான். பன்னிரண்டு வரிக்குள் அடங்குகிற பதில். நான்கு மாதம் தாமதம்.

7

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இருவருக்கும் நேரம் கிடைத்தது. மெக்கானிக் வருவதாகச் சொல்லியிருக்கிறார். 

முடிவு ஒன்று: அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். இருவரும் ஒன்றாகப் படியிறங்கி

முடிவு இரண்டு: அங்கேயும் அவர் தரையைப் பார்த்து, "அக்கா கேட்டப்ப சொன்னதுதான்" என்கிறார். அவள் சாவிக் கொத்தை

இரண்டையும் நிறுத்திவிட்டேன். சம்மதம் கேட்டபோது அவள் சொன்னது காதில் இருக்கிறது: "எழுதிக்குங்க சார். ஆனா எங்களுக்கு என்ன ஆகும்னு இன்னொரு தடவ நீங்க முடிவு பண்ணாதீங்க."

ஆகவே இவ்வளவுதான். சனிக்கிழமை. கீழே பல் ராவுகிற சத்தம். மூன்றாவது நாற்காலியில் ஆலோசகர். கருவிப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த மெக்கானிக்கின் கை இரண்டும் முழங்காலில் இருக்கின்றன. அவள் அந்தக் கைகளைப் பார்க்கிறாள், முகத்தை அல்ல.

"அவங்க எழுதினத அவங்க சொல்லிட்டாங்க" என்கிறார் ஆலோசகர். "நீங்க சொல்லுங்க. இது எப்படி ஆரம்பிச்சுது?"

அவர் வாயைத் திறக்கிறார்.

பக்கம் கட்டுபவர் வந்து நிற்கிறார். "நாலு வரி மிச்சம் இருக்கு சார். ஏதாவது விளம்பரம் போட்டுடவா?"

"வேணாம். காலியா விடுங்க."

வாசகர்களே, நீங்களே நிரப்பிக்கொள்ளலாம் என்று

இல்லை. அது மெக்கானிக்கின் இடம். தயவுசெய்து பேனாவை மூடிவையுங்கள்.

..............................................................

..............................................................

..............................................................

..............................................................