விளக்கு படாத பாதி

"இன்னாடி மேரி, மூக்கு இவ்ளோ நீட்டா? அவுரு இன்னா கிளியா?"

பார்வதம்மா கேட்டதும் ஜெயமேரி பிளேடை நிறுத்தினாள். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இருவருக்கும் ஒட்டிய வீடு. நடுவில் ஒரே சுவர். படம் வரைவது ஜெயமேரியின் பிழைப்பு. பாடப் புத்தகங்களுக்கு மாம்பழமும் மயிலும் வரைந்து அலுத்துப்போனவள், இப்போது தன் ஆசைக்கு ஒரு புத்தகம் செய்கிறாள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் முகங்கள். தங்கம் ஒரு பக்கத்திலும் வராது.

வெள்ளை பூசிய அட்டை முழுக்கக் கறுப்பு மையை அப்பிக் காயவைப்பாள். பிறகு பாதி பிளேடால் சுரண்டிச் சுரண்டி வெளிச்சத்தை வெளியே எடுப்பாள். 'உள்ள லேம்ப் அடிக்கிற எடம்தான் ஒலகம், மிச்சம் கெடையாது' என்று சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா சொன்னதிலிருந்து பிடித்த வழி இது. ஒரே தொல்லை, சுரண்டியது சுரண்டியதுதான். மறுபடி மை பூசினால் அடுத்த கீறல் பிசிறடித்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அந்த ஆளைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்காராமல் முகத்தைத் தொடமாட்டாள். மேலட்டைக்கு அவள் எடுத்துக்கொண்டது பார்வதம்மாவின் கணவர் காத்தவராயனை. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவர். இருந்த ஒரே கல்யாண போட்டோவையும் அந்த வருஷ மழையிலேயே ஒழுகிய கூரை தின்றுவிட்டது.

எத்தனையோ அட்டைகள் வீணாகின. ஒரு சாயங்காலம் பார்வதம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவுருதான்டி. ஷிப்ட்டுக்குப் போசொல்ல இப்டிதான் திரும்பிப் பாப்பாரு."

ஒரு கண், மூக்கின் ஓரம், கன்னத்தில் ஒரு வளைவு. மற்றதெல்லாம் கறுப்பு.

"மொத புக்கு எனக்கு. சாமி படத்துப் பக்கத்துல மாட்டணும், ஆணி கூட அட்ச்சிட்டேன்."

"புக்க யாராவது ஆணில மாட்டுவாங்களா அத்தை?"

"நான் மாட்டுவேன். உனக்கு இன்னா?"

ஜெயமேரி போனில் படமெடுத்து, பெங்களூரு பதிப்பாளர் ஸ்ரீநிவாஸுக்கு அனுப்பினாள். மறுநாளே போன் வந்தது.

"மேடம், ஒண்ணுமே தெரியல. கறுப்புத் துணியப் படம் எடுத்தீங்களா?"

அவள் போனைப் பார்த்தாள். நிஜம்தான். அதில் வெறும் மைக்கறை.

"நேர்ல பாருங்க சார், முகம் தெரியும்."

"வாங்கறவங்க போன்லதானே பாக்கறாங்க? முழு முகம் வேணும் மேடம். திங்கட்கிழமை மீட்டிங். இல்லன்னா இந்த புக்கே நடக்காது."

பார்வதம்மா கண் பரிசோதனைக்குக் கோலார் போயிருந்தாள். ஜெயமேரிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பக்கத்தில் ஆளில்லாமல் முதல்முறையாக பிளேடை எடுத்தாள். இருந்த கண்ணைப் பார்த்து மறு கண். இருந்த கன்னத்தைப் பார்த்து மறு கன்னம். இரண்டும் பொருந்தவேண்டுமே என்று பழைய பாதியின் நிழலையும் சுரண்டினாள். முகம் பளிச்சென்று வந்தது. அவள் இதுவரை வரைந்ததிலேயே நல்ல முகம்.

"இதான் மேடம் கவர்!" என்றார் ஸ்ரீநிவாஸ்.

கோலாரிலிருந்து திரும்பிய பார்வதம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாரு இது?"

"உங்க வீட்டுக்காரர்தான் அத்தை. மிச்சத்தையும் கொண்டாந்துட்டேன்."

பார்வதம்மா அட்டையைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

"நான் இவுர இப்டிப் பாத்ததே இல்லியே. விடியறதுக்கு முன்ன போவாரு, இருட்டிதான் வருவாரு. எப்பவும் அந்தச் சிம்னி வெளக்குதான். லீவு நாள்ல மாமியா எதிர்ல நான் தல நிமிந்தேனா? எனக்குத் தெரிஞ்சது அந்தப் பாதிதான்டி."

ஜெயமேரி பதறி மைப்புட்டியை எடுத்தாள். "மூடிடறேன் அத்தை, பழையபடி வந்துடும்." தூரிகையால் ஒரு பக்கத்தை மூடினாள். மைக்கடியில் கீறல்கள் தழும்பு தழும்பாய்ப் புடைத்துக்கொண்டு நின்றன. மூடாத பாதியிலும் அந்தப் பார்வை இல்லை. யாரோ ஒரு வாலிபன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்வதம்மா கண்ணை இறுக மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"விட்ரு மேரி. இப்ப கண்ண மூடினாலும் இவன்தான் வந்து நிக்கிறான். அவுரு வரல."

கையிலிருந்த பையோடு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெயமேரி தூரிகையும் கையுமாய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுவரின் அந்தப் பக்கம் ஆணியைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. ஆழமாக அடித்திருக்கிறாள் போல, சட்டென்று வரவில்லை.