அட்டைப்படத்துக்கு ஒரு படிகம்

மிதுனா டெங்குவில் இறந்துபோய்ப் பதினெட்டாம் நாள், அவள் கடைசியாக வைத்துவிட்டுப் போன புரதக் கரைசல் துளியில் படிகம் வந்திருந்தது. நுண்நோக்கியில் அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்துக்கு ஆய்வுகூடக் காவலாளி ஓடிவந்தார். நெல்லைக் கெடுக்கும் ஒரு பூஞ்சையின் புரதத்தைப் படிகமாக்க நானும் மிதுனாவும் நான்கு வருடங்கள் மாரடித்திருந்தோம். படிகம் வந்தால்தான் புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடிக்கலாம்.

சோதித்துப் பார்க்காமல் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. இதை ஊருக்கெல்லாம் உபதேசிக்கிறவள் நான். ஆனால் அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்குப் போய், மிதுனாவின் அம்மா ஜெகதீஸ்வரி அன்ரியிடம் போனில் படத்தைக் காட்டினேன்.

"இது என்ர பிள்ளை செய்ததோ?"

"ஓம் அன்ரி. அவளின்ர வேலை வென்றிட்டுது."

முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலருக்கு அதையே அட்டைப்படமாகப் போடச் சொல்லி, அன்ரி கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். உள்ளே தேவாரம், வெளியே படிகம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு கிழமை கழித்துத்தான் ஊசியை எடுத்தேன். புரதப் படிகம் என்றால் ஊசி பட்டதுமே உதிர்ந்துவிடும். உப்பென்றால் கல்லு மாதிரி நிற்கும். இது நின்றது. அழுத்தினேன், 'டிக்' என்று வெடித்தது. நம்ப மனமில்லாமல் மற்றொரு படிகத்தில் நீலச் சாயம் விட்டேன். புரதமென்றால் சாயத்தை உறிஞ்சியிருக்கும். இது கண்ணாடித்துண்டாகவே கிடந்தது.

மிதுனாவின் குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன். வழக்கமாகப் புரதத்தை வைக்கிற கரைசல் அன்று முடிந்திருக்கிறது. 'உஷாந்தி தந்த பொஸ்பேற்றில் வைத்தேன்' என்று என் பெயரைப் போட்டே எழுதியிருந்தாள். துளியில் சேர்த்ததில் கல்சியம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் உப்புப் படியும் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போகிற அவசரத்தில், "இதில வைச்சுச் சமாளி" என்று போத்தலைத் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். அவள் பிரித்தெடுத்து வைத்திருந்த புரதமும் அத்தோடு முடிந்துபோனது. என்னை நானே அறையவேண்டும் போலிருந்தது.

மலர் மறுநாள் அச்சுக்குப் போகிறது. நேரே வெள்ளவத்தைக்குப் போனேன்.

"அன்ரி, அது புரதமில்லை. வெறும் உப்பு. பிழையான கரைசலைக் குடுத்தது நான். அவளில ஒரு பிழையுமில்லை."

அன்ரி என் போனை வாங்கி அந்தப் படத்தை இன்னொருதரம் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவளுக்குத் தெரியுமோ?"

"இல்லை அன்ரி. அவள் போன பிறகுதானே வந்தது."

"அப்ப அதைப் போடேலாது. பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு போட்டால் அவள் என்னோட கதைக்கமாட்டாள்."

சொல்லிவிட்டுத்தான் அன்ரிக்கு அழுகை வந்தது. நானும் அழுதேன். பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போன் எடுத்து, அட்டையை நிறுத்தச் சொன்னார்.

"என்னட்டக் கிடக்கிறது பள்ளிக்கூடத்தில எடுத்த படங்கள்தான். நீ நாலு வருசம் அவளுக்குப் பக்கத்தில இருந்தனி. அவள் வேலை செய்யிற படம் ஒண்டு தா, பிள்ளை."

போனைத் திறந்தேன். துளி, துளி, துளி. திகதியும் இலக்கமும் போட்டு நூற்றுக்கணக்கில் துளிகள். ஒவ்வொன்றையும் அவள் தட்டைப் பிடிக்க, நான்தான் எடுத்தேன். முதல் வருடம்வரை தள்ளிக்கொண்டு போனேன். ஒன்றிலும் மிதுனா இல்லை.

அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தார்.