கீழே இறங்காத பதினேழரை

கூடைப்பந்து ஆட்டக்காரர் எலியுதேரியோவின் பதினேழாம் நம்பர் ஜெர்ஸியை இலோய்லோ அரங்கத்தின் கூரையில் ஏற்றிய செவ்வாய்க்கிழமையே அவருடைய எடை குறையத் தொடங்கியது. காலையில் தொண்ணூற்றெட்டு கிலோ, மாலையில் அறுபது. வெள்ளிக்கிழமை ஏறி நின்றபோது தராசு முள் அசையவே இல்லை. அன்று சந்தையில் மத்தி மீன் கிலோ நூற்றெண்பது பேசோ. கால் தரையில் பாவ அவருக்குச் சொந்தப் பிடிவாதமே போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்றுப் போன ஆட்டக்காரரின் நம்பரைத்தான் கூரையில் ஏற்றுவது வழக்கம். எலியுதேரியோ போகவே இல்லை. முப்பத்தெட்டு வயது, முழங்காலில் இரண்டு ஆபரேஷன்; ஆனாலும் சீசன் முடியும்வரை ஒப்பந்தம் இருந்தது. அணியின் முதலாளி ஒனோஃப்ரே, மத்தி டப்பா வியாபாரி. துரத்தினால் ஊர் ஏசும், கௌரவித்தால் கைதட்டும், ஆளும் வெட்கப்பட்டுத் தானாகப் போய்விடுவான் என்று கணக்குப் போட்டு, முழுப் பன்றி சுட்டு, பாண்டு வாத்தியம் வைத்து ஜெர்ஸியை ஏற்றினார். மறுநாள் காலை எலியுதேரியோ ஷூவை மாட்டிக்கொண்டு கூடைப்பந்துப் பயிற்சிக்கு வந்து நின்றார்.

"அதான் மேல ஏத்தியாச்சே, இன்னும் எதுக்குய்யா வர்றே?"

"துணியத்தானே ஏத்துனீங்க மொதலாளி. ஆளு இங்கதான நிக்கிறேன்."

பதினேழை இனி யாரும் போடக்கூடாது என்பது சட்டம். அரங்க வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்கும் எலியுதேரியோவின் மனைவி பெலாகியா, புது ஜெர்ஸியில் பதினேழரை என்று தைத்துக் கொடுத்தாள். "அரை நம்பர் கூடாதுன்னு எவனும் எழுதி வைக்கலையே. போய் ஆடுய்யா."

முதல் ஆட்டத்தில் பந்துக்குக் குதித்தவர் வளையத்துக்கு மேலே போய் நின்றார். நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்து, பந்தைக் கூடைக்குள் போட்டு, பிறகு இறங்கினார். எதிரணி கத்தியது. ரெஃப்ரிகள் மூவரும் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். குதித்தவன் எத்தனை நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்று அதில் இல்லை. ஏழு வருடமாகக் கடைசி இடத்தில் கிடந்த அணி, வரிசையாகப் பத்தொன்பது ஆட்டம் வென்றது. மணிலாக்காரர்கள் ஏழடி அமெரிக்கன் ஒருவனை இறக்குமதி செய்தார்கள். அண்ணாந்து பார்த்தே கழுத்துச் சுளுக்கி அவன் ஊர் திரும்பினான்.

ஒனோஃப்ரேவுக்குக் கோப்பை வேண்டும், ஆள் வேண்டாம். ஃபைனலுக்கு முந்தின நாள், அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லியனுப்பினார். மறுநாள் ஃபைனல். மூன்று விநாடி மிச்சம், ஒரு பாயிண்ட் பின்தங்கல். எலியுதேரியோ குதித்தார், போட்டார், கோப்பை இலோய்லோவுக்கு. பதினோராயிரம் பேர் கூத்தாடினார்கள். அவர் மட்டும் இறங்கவில்லை.

"யோவ், கோப்பைய வாங்கணும், எறங்கு!"

"எறங்குனா ஓய்வும்பீங்க. நீங்க காகிதத்தோட ஏறி வாங்க."

"ஒனக்கு முப்பத்தெட்டு வயசாச்சுய்யா!"

"ஒங்களுக்கு அறுபத்தாறு. பாத்து ஏறுங்க."

"ரெண்டு வருஷமாக் கேளுய்யா!" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள் பெலாகியா.

மூன்று நாள் அங்கேயே இருந்தார். பெலாகியா எறிந்த பழத்தில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கீழே ஒரு கல்யாணம் நடந்தது. மணமக்களுக்கு மேலிருந்தே வாழ்த்துச் சொன்னார். நான்காம் நாள் ஒனோஃப்ரே, விளக்கு மாற்றும் ஏணியில், பேனாவைப் பல்லில் கடித்தபடி ஏறினார். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்தாயிற்று.

அடுத்த சீசனுக்குள் ஊரின் கழுத்து பழகிவிட்டது. மேல்வரிசை டிக்கெட் அறுநூறு பேசோ. களத்தை ஒட்டிய நாற்காலி இருநூறு, அதிலும் பேரம் உண்டு.